பத்தொன்பது நாள் மாடத்தி

அந்தக் காலத்துத் திருமண மண்டபங்களில், பந்திக்கூடத்துக்கும் கை கழுவும் குழாய்களுக்கும் நடுவில், பெயர் மாற்றும் அறை ஒன்று கட்டாயம் இருக்கும். தாலி ஏறியதும் மணப்பெண்ணை அங்கே கூட்டிப் போவார்கள். பிறந்த அன்றே எல்லோருக்கும் வலது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், கடுகளவு பெயர்மணி ஒன்று வைத்துவிடுவார்கள். கதவு திறப்பதும், பேருந்து நிற்பதும், மருத்துவமனை மருந்து கொடுப்பதும் அந்த மணியைக் கேட்டுத்தான். அறையில் இருக்கும் பெண் சீப்பு போன்ற ஒரு கருவியைக் காதுக்குப் பின்னால் ஒட்டிப் பிடிப்பாள். பெயரின் பின்பாதியில் இருந்த அப்பா போய், கணவன் வந்துவிடுவான். நான்கு நிமிட வேலை. வலிக்காது. கொண்டையில் வைத்த பூகூடக் கலையாது.

சட்டம் யாரையும் வற்புறுத்தவில்லை. மாற்றாமலும் இருக்கலாம் என்று அறைக் கதவிலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளுக்கு மேலே இருந்த ஆணியில்தான் கழற்றிய மாலைகளை மாட்டுவது வழக்கம்.

மாடத்தி சுடலைமுத்து அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தபோது வெளியே இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இருபத்தேழு வயது. தூத்துக்குடி உப்பளத்தில் வாரும் எந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற சுடலைமுத்துவின் ஒரே மகள். தாய் இல்லை. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். செவ்வாய்க் கிரகத்து மண்ணில் ஒரு நச்சு உப்பு கலந்திருக்கிறது. அதில் முளைக்கும் கீரையைத் தொடர்ந்து தின்றால் கழுத்துச் சுரப்பி கெட்டுப்போகும். அந்த உப்பைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்ப் பாய் ஒன்றை மாடத்தி ஆறு வருடம் மல்லுக்கட்டி உருவாக்கியிருந்தாள். செவ்வாய்க் குடியேற்ற வாரியம் எட்டாயிரம் பேரில் அறுபது பேரைத் தேர்ந்தெடுத்தது. அந்த அறுபதில் ஒரு பெயர் மாடத்தி சுடலைமுத்து.

தேர்வானவர் தம்மோடு ஒருவரை ஒட்டுப்பயணியாக அழைத்துப் போகலாம். பட்டியல் வெளியான வாரமே வரன்கள் வந்து குவிந்தன. அதுவரை அவளுடைய பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கிய தரகர்கள், “செவ்வாய்ப் பொண்ணு இருக்கா” என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்கள். வந்தவர்களில் தென்னவன் நன்றாகப் பேசினான். நிர்வாகம் படித்தவன். அவளுடைய ஆய்வுக்கட்டுரையை வாசித்துவிட்டு வந்து இரண்டு கேள்வி கேட்டான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. இதற்காகப் பிறகு அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதுண்டு.

“அத்தை, நான் இப்படியே இருக்கேனே. சான்றிதழ், பயணச்சீட்டு எல்லாமே அப்பா பேரோடதான் இருக்கு,” என்றாள் மாடத்தி.

தென்னவனின் அம்மா வசுமதி சிரித்த முகமாகவே பேசுகிறவர். “இருக்கட்டுமே கண்ணு. நாளைக்குச் செவ்வாய்ல போய் இறங்குற. நீ யாருன்னு கதவு கேக்குது. கழுத்துல எம்புள்ள கட்டின தாலி, வாயில உங்கப்பா பேரா? நல்லாவா இருக்கும்?”

“நான் யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லுவேன் அத்தை.”

“பாத்தியா தென்னவா, படிச்ச புள்ளைங்ககிட்ட வாய் குடுக்க முடியாது.”

தென்னவன் குனிந்து அவள் காதருகே சொன்னான். “வெறும் பேருதானே மாடத்தி. நீ நீயாத்தானே இருக்கப் போற. அம்மாவுக்காக. வெளிய எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

அவளுக்குக் கோபம் வந்தது. தன் கட்டுரையில் பேராசிரியர் அவருடைய பெயரை முதலில் போட்டபோது துறைத்தலைவர் அறையில் போய் உட்கார்ந்து மூன்று நாள் எழுந்திருக்காதவள் அவள். இங்கேயும் எழுந்து போயிருப்பாள். ஆனால் திறந்திருந்த கதவு வழியாக அப்பா தெரிந்தார். புது வேட்டி முரமுரக்க, சம்பந்திகள் முன்னால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். தன் வாழ்நாளில் எந்த முதலாளி முன்னாலும் அவர் அப்படி நின்று மகள் பார்த்ததில்லை.

“பழைய பெயரை மூடலாமா?” என்று கருவி கேட்டது.

“மூடு,” என்றாள். யாரும் அவள் கையைப் பிடித்துத் திருகவில்லை. அதுதான் பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் இருவரும் கடலோரத்து ஏறுதளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பூமியும் செவ்வாயும் பக்கத்தில் வருவது இருபத்தாறு மாதத்துக்கு ஒரு முறை. அந்தச் சில நாட்களில் கிளம்பினால்தான் உண்டு. அன்று மாலை நான்கு மணிக்குக் கலம் புறப்படுவதாக இருந்தது. தடுப்பூசி, எடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் கல்யாணத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது வாசல் மட்டும். அந்த வாசலில் ஆள் கிடையாது. வாரியத்தின் ஆவணங்கள் அத்தனையையும் பார்த்துக்கொள்ளும் எந்திர அறிவு ஒன்று இருந்தது. அதன் பெயர் பதிவர். வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது.

“வாருங்கள் தென்னவன் வைத்தியலிங்கம்,” என்றது பதிவர். குரல் கனிவாக இருந்தது. “உங்கள் மனைவி மாடத்தி சுடலைமுத்துவின் மறைவுக்கு வாரியம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.”

தென்னவன் சிரித்துவிட்டான். “என்னது? எம்பொண்டாட்டி இதோ குத்துக்கல்லாட்டம் நிக்குறா.”

“உங்களுடன் நிற்பவர் மாடத்தி தென்னவன். பெயருக்குப் பின்னால் உங்கள் பெயர் இருப்பதால் உங்கள் மகள். பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நல்ல எடை. வாழ்த்துகள்.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். “குழந்தைக்குப் பால் குடுத்தாச்சா?” என்று ஒரு குரல் கேட்டது. மாடத்தியும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். அடுத்த வாக்கியத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“குழந்தைகளைக் கலத்தில் ஏற்றுவதில்லை. பதினெட்டு வயது நிரம்பியதும் விண்ணப்பிக்கலாம்.”

“என் இருக்கை?” என்றாள் மாடத்தி.

“உங்கள் பெயரில் இருக்கை எதுவும் இல்லை. பட்டமும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அவையெல்லாம் மறைந்த மாடத்தி சுடலைமுத்துவுக்கு உரியவை.”

ஏறுதளத்தில் மனித அலுவலர் என்று ஒரே ஒருவர் இருந்தார். ரோஸ்லின். ஐம்பது வயதுக்காரர். கதவு தகராறு செய்யும் பயணிகளை ஓரமாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது அவருடைய வேலை. மாடத்தியைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“கல்யாணமாகி எத்தன நாளு தங்கச்சி?”

“பத்தொம்போது.”

“மண்டபத்துலயே மாத்திட்டியளோ?”

“ஆமாக்கா. இதச் சரி பண்ண முடியுமா? நாலு மணிக்குக் கெளம்பிரும்.”

ரோஸ்லின் தண்ணீர்க் குவளையை அவள் கையில் திணித்தார். “நான் இங்க வேலைக்குச் சேந்து பதினாலு வருசம். கல்யாணம் பண்ணி ஒம்போது வருசம். அது கணக்குல எனக்கு இப்ப வயசு ஒம்போது. ஒம்போது வயசுப் பிள்ளைய வேலைக்கு வச்சது குத்தம்னு வருசா வருசம் நோட்டீசு அடிக்கும். வாங்கிக் கையெழுத்துப் போடுறதும் நாந்தான்.”

“மேல யார்கிட்டயும் சொல்லலையாக்கா?”

“சொன்னேன். பெரியவங்க பேசும்போது குறுக்க வராதம்மான்னு பதில் வந்துச்சு.”

மாடத்தி குவளையை வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போனாள். சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

“உனக்கு எவன் சொன்னான் நான் செத்துட்டேன்னு?”

“யாரும் சொல்லவில்லை. படித்துத் தெரிந்துகொண்டேன்,” என்றது பதிவர்.

உண்மையும் அதுதான். பதிவரை உருவாக்கியவர்கள் அதற்குச் சட்டம் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் எழுதுகிறவரின் விருப்பு வெறுப்பு கலந்துவிடும் என்று பயந்தார்கள். முந்நூறு ஆண்டு ஆவணங்களை அதன் முன் கொட்டி, மனிதர் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று நீயே பார்த்துத் தெரிந்துகொள் என்று விட்டுவிட்டார்கள். பள்ளிப் பதிவேடு, தேர்வு முடிவு, விளையாட்டு விழாப் பட்டியல், வேலை ஆணை, கல்வெட்டு, துண்டறிக்கை, எல்லாம்.

“மாவட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண்களின் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன,” என்றது பதிவர். “ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் வாங்கியவர்கள், பட்டமளிப்பு விழாவில் மேடை ஏறியவர்கள். இருபத்துமூன்று வயது வரை, இருபத்தைந்து வயது வரை பெயர் தொடர்ந்து வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது. எந்த ஆவணத்திலும் மறுபடி வருவதில்லை. ஆண்களின் பெயர் இறந்தால்தான் நிற்கிறது. அதனால் இதுவும் இறப்பு என்று புரிந்துகொண்டேன். என்ன நோய் என்று தேடினேன். நோய் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் பெயர் நிற்பதற்குச் சற்று முன்னால் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு விழா நடந்திருந்தது.”

மாடத்தியின் கை காதுக்குப் பின்னால் போய்ப் பெயர்மணியைத் தடவியது.

“அந்த விழாவைத் தடை செய்யலாம் என்று வாரியத்துக்கு மூன்று முறை எழுதினேன். பதில் வரவில்லை.”

ரோஸ்லின் பெருமூச்சு விட்டார். “இதுகிட்ட சண்ட போட்டுப் பிரயோசனம் இல்ல தங்கச்சி. வழி இருக்கான்னு கேளு. நேரம் போகுது.”

வழி இரண்டு இருப்பதாகப் பதிவர் சொன்னது. பழைய பெயர் இன்னும் எங்காவது உயிரோடு இருந்தால் மூடியதைத் திறந்துவிடலாம். பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையில் மாடத்தி சுடலைமுத்து என்று இருந்தால் போதும். அது இல்லையென்றால் இரண்டாவது வழி. கணவர் தம் பெயரோடு மனைவியின் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்னவன் வைத்தியலிங்கம் என்பதைத் தென்னவன் மாடத்தி என்று மாற்ற வேண்டும். ஒருவர் ஒரு பெயரைப் பின்னால் தாங்கும்போது அந்தப் பெயரை மறைந்ததாகக் கொள்ள முடியாது. வாசலிலேயே கருவி இருக்கிறது. நான்கு நிமிடம்.

மாடத்தி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தென்னவன் அவசரமாகச் சொன்னான். “மொத வழியப் பாரு மாடத்தி. உங்கப்பா கார்டுல உம்பேரு இருக்கும்ல? அவருக்கு ஃபோனப் போடு.”

அவளுக்கும் நம்பிக்கை இருந்தது. அப்பா அந்தப் பெயரை அவ்வளவு எளிதில் விடக்கூடியவர் இல்லை. அவள் பட்டம் வாங்கிய அன்று வீட்டுச் சுவரில், மின்வாரிய எண்ணுக்குப் பக்கத்தில், கரிக்கட்டையால் அவள் பெயரைப் பட்டத்தோடு எழுதி வைத்தவர். கூப்பிட்டதும் எடுத்தார். பின்னால் வாரும் எந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

“தாயி, ஏறிட்டியா?”

“இல்லப்பா. ஒரு விசயம். நம்ம குடும்ப அட்டையில எம்பேரு இருக்குல்லா?”

“அட்டையிலயா? அத அன்னைக்கே எடுத்துட்டேம்லா. மண்டபத்துல இருந்து வந்ததும் வராததுமா மொத வேல அதான் பாத்தேன். சட்டையக்கூடக் கழட்டல.”

“ஏம்ப்பா?”

“என்ன ஏம்ப்பா? இங்க எடுத்தாத்தான அங்க சேப்பாவ? எடுக்காமக் கெடந்து, ஒன் மாமியா ஒரு வார்த்த சொல்லிட்டா? அப்பன் அதுகூடச் செய்யலன்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்லா தாயி.”

அவர் குரலில் பெருமை இருந்தது. வேலையைத் தாமதமில்லாமல் முடித்தவனின் பெருமை. மாடத்தி நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள்.

“நான் வாறேன்,” என்றார் சுடலைமுத்து. “அந்த மிசினுகிட்ட நான் பேசுதேன். அடுத்த பஸ்ஸுக்கு வாறேன். நீ ஏறாத.”

“ஏற விட்டாத்தானப்பா,” என்று அவள் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

“சுடலைமுத்து கொடுத்த படிவம் என்னிடம் இருக்கிறது,” என்றது பதிவர். “குடும்ப அட்டையிலிருந்து ஒருவர் பெயரை எடுக்க ஒரே படிவம்தான். மறைவு என்றாலும் திருமணம் என்றாலும் அழுத்த வேண்டிய பொத்தான் ஒன்றுதான். அப்படி வைத்தது நானல்ல. அந்தப் படிவம் எனக்கு முந்தியது.”

மணி இரண்டே கால் ஆகியிருந்தது.

“தென்னவன்,” என்றாள் மாடத்தி. அதுவரை அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “மாத்திக்கோங்க. நாலு நிமிசம்.”

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். “மாத்தினா என் படிப்பு, என் அனுபவம் எல்லாம் போயிரும்ல? நானும் குழந்தை ஆயிட்டா ரெண்டு பேருமே போக முடியாதே.”

“அந்தக் கவலை வேண்டாம்,” என்றது பதிவர். “எண்கணிதம் பார்த்துப் பெயர் மாற்றிய ஆண்கள், கட்சிக்காக மாற்றியவர்கள், மேடைக்காக மாற்றியவர்கள் என்று இரண்டு லட்சம் பேரின் ஆவணங்களைப் படித்திருக்கிறேன். ஒருவர்கூட மறையவில்லை. பட்டம், பதவி, நிலம் எல்லாம் புதுப்பெயரோடு தொடர்ந்து வந்தன. பெயர் மாற்றுவதால் ஆண்களுக்கு எதுவும் ஆவதில்லை.”

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

“கேட்டீங்களா? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது,” என்றாள் மாடத்தி.

“ஒரு நிமிசம்,” என்று தென்னவன் தூண் பக்கம் போய் அம்மாவுக்கு ஃபோன் போட்டான். அவன் காதோடு வைத்துப் பேசினாலும், வசுமதியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“பொண்டாட்டி பேரையா? ஏண்டா, உங்கப்பா செத்த பெறகு அவரு பேரு எங்கடா இருக்கு? ஒன் பேருக்குப் பின்னாலதானடா இருக்கு? அதையும் வழிச்சுப் போட்டுட்டு வர்றேங்கறியா?”

“அம்மா, அவளும் அவங்க அப்பா பேரத்தான…”

“அவ பொம்பள. அவளுக்கு அது வழக்கம். நாளைக்கு ஒன் புள்ள பள்ளிக்கூடத்துல என்னன்னு எழுதுவான்? ஊரு சிரிக்கும்டா.”

அவன் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மாடத்தியின் கண்ணைப் பார்க்காமல் பேசினான். கெட்டவன் இல்லை. அவள் வாழ்க்கையில் நேராகக் கெட்டது செய்த ஆட்களை அவளால் எதிர்த்து நிற்க முடிந்திருக்கிறது. இப்படித் தரையைப் பார்த்துப் பேசுகிறவனிடம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“மாடத்தி, கொஞ்சம் யோசி. இது வேற மாதிரி. எங்க அப்பாவோட மிச்சம் எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்.”

“எங்கப்பா உயிரோட இருக்காரு. அவரு பேர எடுத்தப்ப வெறும் பேருன்னு சொன்னீங்க.”

“அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது.”

“இப்ப தெரியுமே.”

பதிவர் இடையில் வந்தது.

“தென்னவன் வைத்தியலிங்கம் அவர்களுக்கு ஒரு தகவல். ஒட்டுப்பயணியாக வந்தவரின் துணைவர் மறைந்துவிட்டால், மறைந்தவரின் பணியிடம் கருணை அடிப்படையில் அவருக்கே கிடைக்கும். நுண்ணுயிர்ப் பாயின் செய்முறை முழுவதும் வாரியத்திடம் இருக்கிறது. நீங்கள் அதைச் செவ்வாயில் நடத்தினால் போதும். இருக்கை காலியாகப் போகக் கூடாது. மூன்றே முக்காலுக்குள் சொல்லுங்கள்.”

மாடத்தி அந்தப் பாயை வளர்க்க ஆறு வருடம் ஆனது. முதல் மூன்று வருடம் அது அழுகி அழுகிச் செத்தது. விடுதி அறையில் அதன் நாற்றம் தாங்காமல் உடன் இருந்தவர்கள் வேறு அறைக்கு மாறிப்போனார்கள். அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருணை அடிப்படையில் என்ற சொல் அவள் காதில் விழுந்து, உள்ளே போகாமல் நின்றது.

மூன்றரைக்குத் தென்னவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “நான் முன்னால போறேன் மாடத்தி. ரெண்டு பேரும் இங்க நின்னா ரெண்டு இருக்கையும் போயிரும். நான் அங்க போய் நிலைச்சுட்டா உன்னக் கூப்பிடுறது சுலபம். எல்லாக் குடும்பத்துலயும் அப்படித்தான். ஒருத்தர் முன்னால போறது, அப்புறம் குடும்பத்தக் கூப்பிட்டுக்கறது.”

“முன்னால போகவேண்டியது நான்.”

“அங்க போய்ப் பேசிச் சரி பண்ணிடறேன். சத்தியமா.”

மாடத்தி ரோஸ்லினைப் பார்த்தாள். “இதுக்கு முன்னால இப்படிப் போனவங்க சரி பண்ணினாங்களாக்கா?”

ரோஸ்லின் காலிக் குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அங்கயும் இதே பதிவர்தான் தங்கச்சி.”

வாசல் பலகையில் ஒரு கேள்வி எழுந்தது. ‘துணைவியாரின் மறைவை உறுதி செய்கிறீர்களா?’ கருணைப் பணியிடத்துக்கு அது அவசியமாம். தென்னவன் விரலை நீட்டினான். நடுவில் நிறுத்தி அவளைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள், சரி போங்க என்றாவது சொல்லித் தன்னை விடுவிப்பாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. மண்டபத்தில் ஒரு முறை எல்லோருக்கும் எளிதாக்கிக் கொடுத்தாயிற்று. இன்னொரு முறை கொடுக்க அவளிடம் மிச்சமில்லை.

அவன் தொட்டான்.

“ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் மாடத்தி,” என்றான். கதவு அவனை உள்ளே வாங்கிக்கொண்டது.

கலம் நான்கு மணிக்குக் கிளம்பியது. கூடத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. கடல் ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்து மறுபடி பழைய நிறத்துக்கு வந்தது. மாடத்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. சற்று நேரம் கழித்துப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிவாசலுக்கு நடந்தாள். கதவு திறக்கவில்லை.

“பத்தொன்பது நாள் குழந்தையைத் தனியாக வெளியே அனுப்ப முடியாது,” என்றது பதிவர். “உறவினர் ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும்.”

“நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றார் ரோஸ்லின்.

“உனக்கு ஒன்பது வயதுதானம்மா ஆகிறது,” என்றது பதிவர் பிரியமாக.

இருவரும் வாசல் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். ரோஸ்லின் தன் டப்பாவிலிருந்து இரண்டு பணியாரத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். மாடத்தி தின்றாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“முன்னயே ஒருத்தராவது சொல்லியிருந்தா மூடுன்னு சொல்லியிருக்க மாட்டேங்க்கா,” என்றாள்.

“சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்ப தங்கச்சி. எனக்கெல்லாம் தெரியும். இங்க வேல பாத்துக்கிட்டேதான் நானும் மாத்தினேன்.”

ஐந்தேகால் பேருந்தில் சுடலைமுத்து வந்தார். உப்பு பூத்த சட்டையோடு அப்படியே கிளம்பி வந்திருந்தார். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவளுடைய பள்ளிச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஒன்றாம் வகுப்புப் புகைப்படம் என்று வீட்டில் இருந்த காகிதம் அத்தனையும் இருந்தன. கதவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஒட்டிக் காட்டினார்.

“இந்தா பாரு. இது எம்மவ. சுடலைமுத்து மவ மாடத்தி. உசுரோட அந்தா உக்காந்துருக்கா பாரு.”

“உங்கள் மகள் மாடத்தி சுடலைமுத்துவின் மறைவுக்கு வாரியம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது,” என்றது பதிவர். “பத்தொன்பது நாளுக்கு முன் நீங்களே அவர் பெயரை எடுத்திருக்கிறீர்கள். இன்று கணவரும் உறுதி செய்திருக்கிறார். குழந்தையை அழைத்துப் போக வந்திருக்கிறீர்களா? என்ன உறவு?”

“அப்பன்.”

“குழந்தையின் தந்தை செவ்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறார். நீங்கள் யார்?”

சுடலைமுத்துவுக்குப் புரியவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த கை கீழே இறங்கியது. உள்ளே இருந்து மாடத்தி எழுந்து வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

“தாத்தான்னு சொல்லுங்கப்பா. சொன்னாத்தான் கதவு தொறக்கும்.”

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லச் சொன்னார்.

“தாத்தா.”

“நன்றி,” என்றது பதிவர். “சின்னக் குழந்தை. தனியாக விட்டுவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் கையில் ஒப்படையுங்கள்.”

“அதத்தானய்யா செஞ்சேன்,” என்றார் சுடலைமுத்து.

கதவு திறந்தது.